பெயருக்கு ஒரு சூப்பர்ஹீட்டர்: 5 அங்குல கேஜ் நீராவி எஞ்சின் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆய்வுக்கு உள்ளான எஞ்சின் 5 அங்குல கேஜில், அதாவது 127 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடும் மாதிரி டேங்க் எஞ்சின் (தண்ணீரைத் தன்மேலேயே தொட்டியில் சுமப்பது). ஆறு சக்கரங்களும் இணைக்கப்பட்டவை. 38 மி.மீ. விட்டமும் 54 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட இரண்டு சிலிண்டர்கள். சிலிண்டரும், அதற்குள் நீராவியை விடும் ஸ்லைடு வால்வும் கன்மெட்டல் என்ற வெண்கல வகை. கொதிகலன் தாமிரத் தகட்டால் ஆனது, வெள்ளிப் பற்றாசு வைத்து இணைத்தது. வேலையழுத்தம் 5.5 பார். எரிபொருள் நிலக்கரி. எஞ்சினைக் கட்டியவர் வேறொருவர். இப்போதைய உரிமையாளர் ஓடும் நிலையில் வாங்கி, பயணிகள் உட்காரும் வண்டிகளை இழுக்கப் பயன்படுத்திவந்தார்.

அவர் சொன்ன குறைகள் மூன்று. புறப்படும்போது புகைபோக்கி தண்ணீரைக் கக்குகிறது. தொட்டித் தண்ணீர் மற்ற எஞ்சின்களைவிட வேகமாகத் தீர்கிறது. அண்மைக் காலமாக, சிலிண்டருக்கு நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் திறந்தால் தீ மங்கி அழுத்தமும் இறங்குகிறது. முதல் இரண்டோடும் அவர் நெடுநாள் ஒத்துப்போய்விட்டார். மூன்றாவதுதான் எஞ்சினைப் பட்டறைக்குக் கொண்டுவந்தது.

கொதிகலன் பரிசோதகர் புகைபோக்கிக்குக் கீழே உள்ள புகைப்பெட்டியின் கதவைத் திறந்து, காற்றழுத்தம் கொடுத்து, சோப்பு நீரைத் தடவிப் பார்த்தபோது காரணம் தெரிந்துவிட்டது. கொதிகலனிலிருந்து வரும் நீராவியைச் சிலிண்டருக்குப் போகும் வழியில் மேலும் சூடாக்குவது சூப்பர்ஹீட்டர். அதன் குழாய்கள் இரண்டில் ஒன்றில் ஊசித்துளை. ரெகுலேட்டர் திறந்ததும் அதன் வழியே நீராவி பீறிட்டுப் புகைப்பெட்டியின் வெற்றிடத்தைக் கெடுத்தது. காற்றிழுப்பு குறைந்ததால் தீ மங்கியது.

ஓட்டையை அடைத்திருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஆனால் கூடியிருந்தவர்களிடையே பழைய விவாதம் ஒன்று மீண்டும் எழுந்தது. பல எஞ்சின்களைக் கட்டிய மூத்தவர் ஒருவர், “இந்த அளவு எஞ்சினில் இது வெறும் அலங்காரம். கழற்றிப் போட்டுவிட்டு நேர்க்குழாய் ஒன்றை வையுங்கள்” என்றார். இன்னொருவர் அதற்கு நேர்மாறாக, தீயறைக்குள்ளேயே நீண்டிருக்கும் கதிர்வீச்சு வகைக் குழாய்களைப் போட வேண்டும் என்றார். குழாய்களை எப்படியும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அதனால் பழையது, எதுவும் இல்லாதது, புதியது என மூன்று நிலைகளிலும் ஒரே சுமையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று உரிமையாளரே முன்வந்தார். அளவெடுத்துக் குறித்துவைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

இரு தரப்பு வாதமும் அதன் அடிப்படையும்

பெரிய ரயில்வேக்களில் இந்த விவாதம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் ஷ்மிட்டின் சூப்பர்ஹீட்டர் 1898-இல் பிரஷ்ய அரசு ரயில்வேயின் எஞ்சின்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள், நெடுந்தூரம் ஓடும் புதிய எஞ்சின்களில் அது இல்லாதிருப்பதே அரிதாகிவிட்டது. மாதிரி எஞ்சின்களில் மட்டும் சச்சரவு தீரவில்லை. அதற்குக் காரணமும் உண்டு.

கொதிகலனுக்குள் தண்ணீரோடு சேர்ந்திருக்கும் நீராவி அந்த அழுத்தத்துக்குரிய கொதிநிலையிலேயே இருக்கும். 5.5 பார் கேஜ் அழுத்தத்தில் (அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 5.5 பார்) அது 162 டிகிரி செல்சியஸ். இந்த நிறைவுற்ற நீராவி தன்னைவிடக் குளிர்ந்த எந்தச் சுவரைத் தொட்டாலும் அதில் ஒரு பங்கு தண்ணீராகிவிடும். சிலிண்டரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறும் நீராவியால் குளிர்கிறது. அடுத்து நுழையும் நீராவியின் ஒரு பகுதி, பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன்பே சுவரைச் சூடாக்குவதில் செலவாகிறது. நீராவியைக் கொதிகலனிலிருந்து பிரித்த பிறகு மேலும் சூடாக்கினால், குளிர்வதற்கு அதற்கு இடம் கிடைக்கிறது. கூடவே அது விரிவடைகிறது. 5.5 பாரில் 162 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு ஏற்றினால், ஒரு கிலோ நீராவியின் கொள்ளளவு ஏறத்தாழ 24 விழுக்காடு கூடுகிறது. அதற்குத் தேவையான கூடுதல் வெப்பமோ, 30 டிகிரித் தண்ணீரை நீராவியாக்க ஆகும் வெப்பத்தில் 7 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது.

சிறிய எஞ்சினில் சுவரின் பங்கு பெரிது. நீள அளவுகள் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால், பரப்பு 121-இல் ஒன்றாகவும் கொள்ளளவு 1,331-இல் ஒன்றாகவும் குறைகின்றன. ஆகவே ஒவ்வொரு துளி நீராவிக்கும் பெரிய எஞ்சினில் உள்ளதைப்போலப் பதினொரு மடங்கு குளிர்ந்த சுவர் காத்திருக்கிறது. இப்படிப் பார்த்தால் சூப்பர்ஹீட்டரின் தேவை பெரிய எஞ்சினைவிடச் சிறியதற்கே அதிகம்.

மூத்தவரின் வாதம் இதை மறுக்கவில்லை. பெரும்பாலான மாதிரி எஞ்சின்களில் சூப்பர்ஹீட்டர் என்று இருப்பது உண்மையில் சூடாக்குவதே இல்லை, தீயறைப் புகை கொதிகலன் வழியே செல்லும் அகன்ற ஃப்ளூ குழாயை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்பதே அவர் சொன்னது. இரண்டு வாதங்களும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

அளவெடுத்த முறை

சிலிண்டருக்குள் நீராவி நுழையும் இடமான ஸ்டீம் செஸ்டில், திருகாணி அடைத்திருந்த துளை ஒன்றில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் பொருத்தப்பட்டது. அதே இடத்தில் சிறிய அழுத்தமானி ஒன்றும் வைக்கப்பட்டது. இந்த இரண்டாவது கருவி இல்லாமல் முதலாவதால் பெரிய பயன் இல்லை. ரெகுலேட்டர் பாதி திறந்திருக்கும்போது கொதிகலனில் 5.5 பார் இருந்தாலும் ஸ்டீம் செஸ்டில் 4 பார்தான் இருக்கும். அங்கே நிறைவு வெப்பநிலை 152 டிகிரி. உலர்ந்த நீராவி அப்படி அழுத்தம் குறைந்தாலே, யாரும் சூடாக்காமல், ஏறத்தாழ 157 டிகிரியில் நிற்கும். இந்த ஐந்து டிகிரியைச் சூப்பர்ஹீட்டரின் சாதனையாகக் கணக்கில் எழுதிக்கொள்பவர்கள் உண்டு.

ஒவ்வொரு சோதனையிலும் அதே ஓட்டுநர், அதே வண்டிகள், அதே எடை, 4 கி.மீ. தொலைவு. ஸ்ட்ரோக்கில் எவ்வளவு பங்குக்கு நீராவி விடுவது என்பதை அமைக்கும் ரிவர்சர் கைப்பிடி எல்லாவற்றிலும் ஒரே பல்லில் வைக்கப்பட்டது. நீர்மட்டக் கண்ணாடியில் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மட்டம் இருக்குமாறு பார்த்துக்கொண்டு, தொட்டியில் ஊற்றிய தண்ணீர் லிட்டரில் அளக்கப்பட்டது. நிலக்கரி எடைபோட்டுக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு நிலையும் ஒரு முறைக்கு மேல் ஓட்டப்பட்டது. கீழே வரும் எண்கள் சராசரி.

இவற்றில் தண்ணீர்க் கணக்கை நம்பலாம். நிலக்கரிக் கணக்கை அந்த அளவு நம்ப முடியாது. தொடக்கத்தில் இருந்த தீயும் முடிவில் மிஞ்சிய தீயும் ஒரே தடிமன் என்பதைக் கண்ணால்தான் முடிவுசெய்ய முடிகிறது. சிறிய தீயறையில் ஒரு கரண்டி கரி கூடினாலும் குறைந்தாலும் விழுக்காடு மாறிவிடும்.

பழைய குழாய்களில் கண்டது

ஊசித்துளையைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, வந்த நிலையிலேயே எஞ்சின் ஓட்டப்பட்டது. 4 கி.மீ.க்கு 9.1 லிட்டர் தண்ணீர் செலவானது. ஸ்டீம் செஸ்டில் வெப்பநிலை 152-இலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் மட்டும் சற்று மேலே போனது. அதாவது சூப்பர்ஹீட்டரைக் கடந்த பிறகும் நீராவியில் ஈரம் மிச்சமிருந்தது.

பிறகு குழாய்கள் கழற்றப்பட்டன. தாமிரத்தால் ஆனவை. கொதிகலனின் ஃப்ளூ 300 மி.மீ. நீளம், குழாய்களின் நுனியோ தீயறைப் பக்கத்துத் தகட்டுக்கு 75 மி.மீ. முன்பாகவே நின்றுவிட்டது. தாமிரமும் வெள்ளிப் பற்றாசும் தீயில் படக்கூடாது என்று கட்டியவர் கருதியிருக்க வேண்டும். அது நியாயமான அச்சம்தான். வெள்ளிப் பற்றாசு 600 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கும். கரித்தணலின் வெப்பமோ ஆயிரம் டிகிரியைக் கடந்தது. ஆனால் புகை மிகச் சூடாக இருப்பதும் அந்த முதல் 75 மி.மீ.யில்தான். ஃப்ளூவுக்குள் நுழைந்த உடனேயே அதன் வெப்பநிலை செங்குத்தாக விழுகிறது. நல்ல பகுதியைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய பகுதியில் சூப்பர்ஹீட்டர் உட்கார்ந்திருந்தது.

கொதிகலனில் வேறு குறை இல்லை. சாதாரணப் புகைக்குழாய்களின் நீளம் 12 அங்குலம், உள்விட்டம் 0.44 அங்குலம். நீளத்தை உள்விட்டத்தின் இருமடியால் வகுத்தால் 62 வருகிறது. மாதிரி எஞ்சின் கட்டுபவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் 50 முதல் 70 வரையிலான எல்லைக்குள் அது அடங்குகிறது.

துளைவிழுந்த குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தது எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பயனுள்ள வேலையாகத் தோன்றுகிறது. உட்புறம் முழுவதும் வெண்ணிறப் படிவு. திரும்பு முனையில் அது கெட்டியாகி வழியைப் பாதியாகக் குறைத்திருந்தது. உப்பு நீராவியோடு பயணம் செய்வதில்லை, தண்ணீரோடுதான் செய்யும். ஆகவே கொதிகலன் தண்ணீர் துளித்துளியாக நீராவியோடு கலந்து இந்தக் குழாய்களுக்குள் வந்து, அங்கே கொதித்து வற்றியிருக்கிறது. சூப்பர்ஹீட்டர் இத்தனை காலமும் துணைக் கொதிகலனாக வேலை பார்த்திருக்கிறது.

கொதிகலனின் மேலுள்ள குமிழான டோமைத் திறந்தபோது, நீராவி எடுக்கும் குழாயின் வாய் டோமின் பாதி உயரத்திலேயே நின்றது. அது உச்சிக்கு அருகே உயர்த்தப்பட்டது. கண்ணாடியில் மேல் விளிம்பு வரை தண்ணீரை நிரப்பி ஓட்டும் பழக்கம் உரிமையாளருக்கு இருந்தது. பாதிக்குச் சற்று மேல் போதும் என்று பரிசோதகர் கேட்டுக்கொண்டார். துளையில்லாத குழாயைச் சுத்தம் செய்து, மற்றதற்கு அதே அளவில் மாற்றுக் குழாய் ஒன்றைச் செய்து, மீண்டும் ஓட்டியபோது தண்ணீர்ச் செலவு 8 லிட்டராகக் குறைந்தது. வெப்பநிலை 158 முதல் 164 வரை. சூப்பர்ஹீட்டரின் வடிவத்தைத் தொடாமலேயே 12 விழுக்காடு மிச்சம். புகைபோக்கி தண்ணீர் கக்குவதும் பெரும்பாலும் நின்றது. நிலக்கரி 1.3 கிலோ.

குழாய்களே இல்லாமல்

அடுத்து இரண்டு ஃப்ளூக்களையும் வெறுமையாக விட்டு, ரெகுலேட்டரிலிருந்து நேராகச் சிலிண்டருக்கு ஒரு குழாய் இணைக்கப்பட்டது. அகன்ற ஃப்ளூ வழியே புகை எளிதாக ஓடிவிடும், மற்றக் குழாய்கள் பட்டினி கிடக்கும் என்ற கவலை இருந்ததால், ஃப்ளூக்களுக்குள் முறுக்கிய எஃகுப் பட்டைகள் செருகப்பட்டன.

தண்ணீர் 8.5 லிட்டர், நிலக்கரி 1.35 கிலோ. ஸ்டீம் செஸ்டில் 152. புறப்படும்போது சிலிண்டரில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் காக்குகளை நீண்ட நேரம் திறந்துவைக்க வேண்டியிருந்தது. மற்றபடி எஞ்சின் நன்றாகவே ஓடியது. கருவிகளைப் பார்க்காமல் ஓட்டியிருந்தால் பழைய நிலைக்கும் இதற்கும் வேறுபாடு சொல்லியிருக்க முடியாது என்றார் ஓட்டுநர்.

இந்த இடத்தில் மூத்தவரின் கூற்று ஏறக்குறைய நிரூபணமாகிவிட்டது. பழைய குழாய்கள் தந்தது ஆறு விழுக்காடு தண்ணீர் மிச்சம். நிலக்கரியில் வேறுபாடு அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும் அளவு. நீராவியை உலர்த்துவது ஒரு பயன்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்காக இரண்டு ஃப்ளூக்களும், எட்டு இணைப்புகளும், எப்போது ஒழுகுமோ என்ற கவலையும் அதிக விலை.

முடிவும் அதன் காரணங்களும்

அப்படியே விட்டுவிடலாம் என்பது ஒரு தேர்வாகவே இருந்தது. உரிமையாளர் அதை ஏற்காததற்குக் காரணம் அவருடைய ஓட்டம். அவர் எஞ்சினை நிலையத்துக்கு நிலையம் நின்று நின்று ஓட்டுபவர் அல்லர். நீண்ட பாதையில், கனமான வண்டியோடு, இடைவிடாமல் ஓட்டுபவர். தொட்டி சிறியது. தண்ணீருக்காக நடுவழியில் நிற்பதே அவருடைய முதன்மையான குறை. அதனால் கதிர்வீச்சு வகை தேர்ந்தெடுக்கப்பட்டது.

புதிய குழாய்கள் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு. வெளிவிட்டம் 8 மி.மீ., உள்விட்டம் 6 மி.மீ. ஃப்ளூவைக் கடந்து, தீயறையின் கூரைக்குக் கீழே 100 மி.மீ. நீண்டிருக்கும். திரும்பு முனை டிக் வெல்டிங்கால் இணைக்கப்பட்டது. தீப்படும் பகுதியில் பற்றாசு எதுவும் இருக்கக்கூடாது என்பதில் பரிசோதகர் உறுதியாக இருந்தார். புகைப்பெட்டியில் உள்ள இணைப்புகள் திருகு வகை, ஒவ்வொரு குழாயையும் தனியாக உருவியெடுக்கலாம். பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றும் வேலையழுத்தத்தின் இருமடங்கில், 11 பாரில், நீரழுத்தச் சோதனைக்கு உள்ளானது.

பரிசோதகர் இன்னொன்றையும் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு குழாய்களின் உட்கொள்ளளவு சேர்ந்து ஏறத்தாழ 51 கன செ.மீ.; ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 61 கன செ.மீ. ரெகுலேட்டர் இந்தக் குழாய்களுக்கு முன்னால் இருப்பதால், அதை மூடிய பிறகும் கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர் நிறைய நீராவி குழாய்களுக்குள் அழுத்தத்தோடு மிஞ்சும். கொதிகலன் தண்ணீரைக் கக்கி அது இந்தச் செஞ்சூட்டுக் குழாய்களுக்குள் புகுந்துவிட்டால், ரெகுலேட்டரை மூடியும் எஞ்சின் நிற்காது. ஈரம் கக்கும் கொதிகலனில் கதிர்வீச்சுக் குழாய்களைப் பொருத்தவே கூடாது என்பது இதனால்தான். டோம் குழாயை முதலில் சரிசெய்தது வெறும் சிக்கனத்துக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்கும் அதுவே முன்நிபந்தனை.

பிஸ்டன்களில் இருந்த ரப்பர் ஓ-ரிங்குகள் இந்த வெப்பத்துக்குத் தாங்கா என்பதால், நிரப்பு சேர்த்த டெஃப்லான் வளையங்கள் போடப்பட்டன. டெஃப்லானின் எல்லை 260 டிகிரி. நுழையும் நீராவி அதை நெருங்கலாம். ஆனால் வளையம் உரசுவது சிலிண்டர் சுவரில், அந்தச் சுவரின் சராசரி வெப்பநிலையோ நுழையும் நீராவியைவிடப் பல பத்து டிகிரி குறைவு. டெஃப்லான் வெப்பத்தில் கன்மெட்டலைவிடப் பல மடங்கு விரியும் என்பதால், வளைய முனைகளுக்கு இடையே தாராளமான இடைவெளி விடப்பட்டது. வால்வுகள் மட்டும் பழைய கன்மெட்டலாகவே தொடர்ந்தன.

புதிய குழாய்களுடன்

தீ பிடித்து, முதல் சுற்று முடிவதற்குள் தெர்மோகப்பிள் 200 டிகிரியைக் கடந்தது. நிலையான ஓட்டத்தில் 215 முதல் 245 வரை; பெரும்பாலும் 230-ஐ ஒட்டி. தண்ணீர் 6.1 லிட்டர். நிலக்கரி 1.12 கிலோ. வெளியேறும் நீராவி கண்ணுக்கே தெரியாமல் போனது. புகைபோக்கியின் ஒலியும் கூர்மையானது.

தண்ணீரில் கிடைத்த 24 விழுக்காட்டு மிச்சத்தைப் பிரித்துப் பார்க்கலாம். 4 பார் கேஜ் அழுத்தத்தில் 158 டிகிரியிலிருந்து 230-க்கு ஏறினால், நீராவி ஏறத்தாழ 19 விழுக்காடு விரிகிறது. அதே சிலிண்டரை நிரப்ப 16 விழுக்காடு குறைவான தண்ணீர் போதும். மீதி எட்டு விழுக்காடு, சுவரில் வீணாகத் தண்ணீராகாமல் தப்பியது என்று கொள்ளலாம். நிலக்கரியில் மிச்சம் 14 விழுக்காடுதான். ஒவ்வொரு கிலோ நீராவியும் இப்போது ஆறு விழுக்காடு கூடுதல் வெப்பத்தைச் சுமக்கிறது. அது இலவசமாக வருவதில்லை. தவிர, எஞ்சின் நிற்கும்போதும் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும்போதும் கரி எரிந்துகொண்டேதான் இருக்கிறது. தொடக்கத்தில் தீ மூட்டச் செலவாகும் கரியைச் சேர்த்தால், நாள் முழுவதற்குமான விழுக்காடு இன்னும் இறங்கும். பெரிய எஞ்சின்களுக்குச் சொல்லப்படும் கால் பங்கு நிலக்கரி மிச்சத்தை இந்த அளவில் எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்பாராத பக்கவிளைவு ஒன்று உடனே தெரிந்தது. சிலிண்டருக்குப் போகும் நீராவியின் எடை குறைந்துவிட்டதால், பிளாஸ்ட் முனை வழியே வெளியேறி புகையை இழுக்கும் நீராவியும் குறைந்தது. நீண்ட ஏற்றத்தில் தீ சோர்ந்தது. முனையின் துளை 5.2 மி.மீ.யிலிருந்து 4.9 மி.மீ.க்குக் குறைக்கப்பட்ட பிறகு சரியானது. மேலே தந்த எண்கள் அதற்குப் பிறகு எடுத்தவை.

சோதனைகள் முடிந்த பிறகு ஓட்டுநர் தன் விருப்பப்படி ரிவர்சரைக் கையாளத் தொடங்கினார். முன்பு ஸ்ட்ரோக்கில் முக்கால் பங்குக்கு நீராவி விட்டால்தான் எஞ்சின் சீராக ஓடும். கைப்பிடியைப் பின்னிழுத்தால் தள்ளாடும். இப்போது பாதிப் பங்கிலேயே மென்மையாக ஓடியது. இதனால் மேலும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருக்கும். ஒப்பிடும் நிபந்தனை மாறிவிட்டதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஓட்டுபவருக்கோ அதுதான் பெரிய மாற்றமாகப் பட்டது.

பின்விளைவு: வால்வு

சில வாரங்கள் கழித்து ரிவர்சர் கைப்பிடி கனக்கத் தொடங்கியது. மெதுவாக ஓடும்போது ஒரு கிறீச்சொலி. ஸ்டீம் செஸ்டைத் திறந்தால், வால்வின் முகத்திலும், அது உரசி ஓடும் போர்ட் முகத்திலும் ஓட்டத்திசையில் நீளமான கீறல்கள், ஓரங்களில் கருகிய எண்ணெயின் பழுப்புக் கறை.

ஈர நீராவியில் ஓடியவரை தண்ணீரே பாதி எண்ணெயாக வேலை பார்த்திருந்தது. நீராவி உலர்ந்ததும் அந்தத் தயவு நின்றுவிட்டது. உரிமையாளர் பயன்படுத்தியது 460 பிசுபிசுப்புத் தர ஸ்டீம் எண்ணெய். எண்ணெய் ஊட்டும் கருவியின் அளவும் பழைய நிலைக்கு அமைத்ததே. கன்மெட்டல்மேல் கன்மெட்டல் உரசுவது அதற்கும் மேல். ஒரே உலோகம் தன்மேல் தானே உரசினால் பிய்த்துக்கொள்ளும் என்பது எந்தப் பட்டறையிலும் தெரிந்த செய்தி.

மூன்று வழிகள் ஆராயப்பட்டன. குழாய்களை 40 மி.மீ. குறைத்து வெப்பநிலையை இறக்குவது முதலாவது. கிடைத்ததைத் திருப்பிக் கொடுப்பது என்று உரிமையாளர் மறுத்தார். டெஃப்லான் கலந்த வால்வு இரண்டாவது. பிஸ்டன் வளையத்துக்குச் சொன்ன நியாயம் இங்கே செல்லாது. ஸ்டீம் செஸ்ட் முழு வெப்பத்திலேயே இருக்கும், குளிர்வதற்கு அங்கே வாய்ப்பில்லை. ஆகவே மூன்றாவதான வார்ப்பிரும்பு வால்வு தேர்ந்தெடுக்கப்பட்டது. போர்ட் முகம் சமமாக்கித் தேய்த்து மெருகிடப்பட்டது. எண்ணெய் 1000 தரத்துக்கு மாறியது. ஊட்டும் அளவு இரட்டிப்பாக்கப்பட்டது. வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும் என்பதால், ஓட்டம் முடிந்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஸ்டீம் செஸ்டுக்குள் எண்ணெய் செலுத்தி, சக்கரங்களைச் சில சுற்று உருட்டிவைக்க வேண்டும். இதைச் செய்ய மறந்த ஒரு வாரத்துக்குப் பிறகு வால்வு ஒட்டிக்கொண்டது. தட்டி விடுவிக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு கிறீச்சொலி இல்லை. புகைபோக்கியின் ஓரத்தில் எண்ணெய்த் துளிகள் தெரிகின்றன. வண்டியில் உட்கார்ந்து வருபவர்களின் சட்டையிலும் சில நேரம் தெரிகின்றன.

இன்னொரு முறை செய்தால்

தெர்மோகப்பிளையும் ஸ்டீம் செஸ்ட் அழுத்தமானியையும் எதையும் கழற்றுவதற்கு முன்பே பொருத்திவிட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒத்த கருத்து. இந்த எஞ்சினில் அவை இப்போது நிரந்தரமாகவே இருக்கின்றன. ரெகுலேட்டர் திறந்திருக்கும்போது வெப்பநிலை திடீரென்று நிறைவு நிலைக்கு விழுந்தால், கொதிகலன் தண்ணீரைக் கக்குகிறது என்று பொருள். ஓட்டுநர் உடனே ரெகுலேட்டரைக் குறைத்து டிரெயின் காக்கைத் திறக்கலாம்.

புதிய குழாய்களையும் வார்ப்பிரும்பு வால்வையும் 1000 தர எண்ணெயையும் ஒரே வேலையாகக் கருதிச் செய்வதே சரி. குழாயை மட்டும் மாற்றி, மற்றவற்றைப் பழையபடி விடுவது போர்ட் முகத்தைப் பலிகொடுப்பதாகும். செலவைக் கணக்கிடுபவர்களும் அப்படியே மொத்தமாகக் கணக்கிட வேண்டும். அப்போது சிலர் வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். அதுவும் தவறான முடிவு இல்லை.

தீயறைக்குள் இருக்கும் முனைகளை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் உருவியெடுத்துப் பார்ப்பது என்று பரிசோதகர் எழுதிவைத்திருக்கிறார். துருப்பிடிக்காத எஃகு என்றாலும், ரெகுலேட்டர் மூடியிருக்கும்போது உள்ளே நீராவி ஓட்டம் இல்லாமல் குழாய் செஞ்சூட்டில் கிடக்கிறது. நெடுநேரம் நிற்கும்போது, புகைபோக்கியில் நீராவியைப் பாய்ச்சிக் காற்றை இழுக்கும் புளோயரை முழுதாகத் திறந்துவைக்கும் பழக்கத்தை ஓட்டுநர் விட்டுவிட்டார்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரிடம் 3½ அங்குல கேஜில் சிறிய ஷண்டிங் எஞ்சின் ஒன்று இருக்கிறது. குறுகிய தொலைவு, அடிக்கடி நிறுத்தம், இலகுவான சுமை. அதற்கும் இதேபோல் குழாய் போடலாமா என்று கேட்டார். அவருடைய ஸ்டீம் செஸ்டில் அளந்தபோது நீராவி ஈரமாகவே இருந்தது. டோமுக்குள் எடுப்புக் குழாயின் வாய் தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது. வாயை உயர்த்தி, அதன்மேல் ஒரு சிறு தடுப்புத் தகடு வைத்ததோடு அந்த வேலை முடிந்தது. சூப்பர்ஹீட்டர் போடவில்லை. நின்று நின்று ஓடும் எஞ்சினில், ரெகுலேட்டரை மூடிய பிறகும் ஒரு சிலிண்டர் நிறைய நீராவி பாக்கியிருப்பது பஃபர்களுக்கு நல்லதல்ல என்று மூத்தவர் சொன்னதை இம்முறை யாரும் மறுக்கவில்லை.

முதல் எஞ்சினின் போர்ட் முகத்தை அடுத்த பருவத் தொடக்கத்தில் மீண்டும் திறந்து, தேய்மானத்தை அளந்து பார்ப்பதாக ஏற்பாடு.